ஆசிட் கொட்டினால்: விலங்கியல் லேப்பிலிருந்து ஒரு வழிகாட்டி

முதல் செய்முறை வகுப்பன்று, பிள்ளைகள் உள்ளே வந்து ஸ்டூல் பிடித்து உட்காருவதற்கு முன்பே ஒரு வேலை கொடுத்துவிடுவேன். "உன் மேசைக்குப் பக்கத்துக் குழாய் எது? போய்த் திறந்து பார்த்துவிட்டு வா." சிரிப்பார்கள், குழாய் திறக்கவா கல்லூரிக்கு வந்தோம் என்று. திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு குழாயின் பிடி சும்மாவே சுற்றும், தண்ணீர் வராது. இன்னொன்றை இரண்டு கையாலும் திருக வேண்டும். ஜன்னலோரக் குழாயில்தான் தண்ணீர் நன்றாக வரும். கண்ணில் ஏதாவது தெறித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

நான் விலங்கியல் துறையில் லேப் அசிஸ்டென்ட். 21 வருடமாகிறது. பாடம் நடத்துவது பேராசிரியர்கள். கரைசல் கலக்குவதும், பாட்டிலில் லேபிள் ஒட்டுவதும், கொட்டியதைத் துடைப்பதும் என் வேலை. துடைக்கிறவள் சொல்லும் கதையாகவே இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

"நாங்கள் உயிரியல் படிக்க வந்தவர்கள், ஆசிட் எல்லாம் கெமிஸ்ட்ரிக்காரர்கள் பாடு" என்று முதல் வருடப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருவார்கள். வெங்காய வேர்நுனியில் செல் பிரிதல் பார்க்க வேண்டுமா? வேரை மென்மையாக்க 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும், அதுவும் 60 டிகிரிச் சூட்டில். (நார்மல் என்பது கரைசல் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் அளவு.) பிறகு ஊற்றும் அசிட்டோகார்மைன் சாயம் 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் செய்தது. சாஹ்லி முறையில் ஹீமோகுளோபின் பார்க்க 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பையூரெட் சோதனைக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் பெனடிக்ட் கரைசலில் சோடியம் கார்பனேட். தவளைப் படம் வரைவதோடு முடிகிற படிப்பு இல்லை இது.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வரை வருகிற பருத்தி லேப் கோட், பட்டன் எல்லாம் போட்டு. நைலான் துப்பட்டாவை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். சடையைச் சுருட்டிக் கட்டுங்கள், ஸ்பிரிட் விளக்கு இருக்கிற மேசையில் அது முன்னால் விழக் கூடாது. செருப்பு கூடாது, மூடிய ஷூ வேண்டும். அப்புறம் ஒன்று, யாரும் எழுதி வைக்காதது: கையில் கட்டியிருக்கும் கயிறு. கோயில் கயிறு, நண்பர்கள் கட்டிய கயிறு, மணிக்கட்டில் மூன்று நான்கு இருக்கும். அதில் ஆசிட் பட்டால் நூல் உறிஞ்சிவைத்துக்கொண்டு தோலிலேயே ஒட்டிக்கிடக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் அடியில் எரியும். கழற்ற மனமில்லை என்றால் கையுறைக்குள் நன்றாக அடங்கும்படி தள்ளிவிட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது பட்டுவிட்டால் யோசிக்காமல் வெட்டி எறியுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பாட்டிலை எடுக்கும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். அப்போது வழிகிற சொட்டு எழுத்தை அழிக்காது. லேபிளை இரண்டு தடவை படியுங்கள், எடுக்கும்போது ஒன்று, ஊற்றும் முன் ஒன்று. தேவைக்கு மேல் ஊற்றிவிட்டால் திரும்பப் பாட்டிலில் விடாதீர்கள். மொத்தப் பாட்டிலும் கெட்டுப்போய்விட்டால் அடுத்த பேட்ச் முழுக்கத் தப்பான ரிசல்ட் எழுதும். வாயால் பிப்பெட்டை உறிஞ்சுவது அறவே கூடாது. சாஹ்லி பிப்பெட்டோடு வாயில் வைக்கிற ரப்பர்க் குழாய் ஒன்று சேர்ந்தே வரும், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் உறிஞ்சினார்கள். அதில் ஏறுவது இன்னொருவரின் ரத்தம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ரப்பர் பல்ப் கிழிந்திருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள், வேறு தருகிறேன்.

இனி நீர்க்கச் செய்வது. இதில் நானே பட்டவள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் வேண்டும் என்றார்கள். கெட்டி அமிலத்தைப் பீக்கரில் ஊற்றி வைத்துவிட்டு, அதன் மேல் வாஷ் பாட்டிலால் தண்ணீரைப் பீய்ச்சினேன். சூடான எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி போட்டிருந்ததால் முகம் தப்பியது. பச்சை நிறப் பருத்திச் சேலை, அதன் மேல் கோட் இல்லை. முந்தானையில் நாலைந்து சொட்டு. துடைத்தேன், ஒன்றும் தெரியவில்லை, நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் துவைத்துக் காயப்போட்டு எடுத்தால் முந்தானை முழுக்கப் பூச்சி அரித்த மாதிரி ஓட்டை. ஆசிட் பட்ட பருத்தி அப்போதைக்குக் காட்டிக்கொடுக்காது, துவைக்கும்போதுதான் உதிரும்.

காரணம் எளிது. கெட்டி சல்ஃப்யூரிக் அமிலம் தண்ணீரைவிட 1.84 மடங்கு கனம். மேலே விடும் தண்ணீர் கலக்காமல் மிதக்கும். இரண்டும் தொடுகிற இடத்தில் கிளம்புகிற சூடு அந்த மெல்லிய தண்ணீர்ப் படலத்தைக் கொதிக்கவைத்து, ஆசிட்டோடு சேர்த்து மேலே எறியும். மாற்றிச் செய்யுங்கள். நிறையத் தண்ணீர் இருக்கட்டும், அதில் ஆசிட் சிறுகச் சிறுக, சுவரோரமாக, கலக்கிக்கொண்டே இறங்கட்டும். சூடு மொத்தத் தண்ணீருக்கும் பரவிவிடும்.

வேர்நுனிக்கு வேண்டிய 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி. நான் செய்வது இப்படி. கடையில் வரும் கெட்டி அமிலம் 37 சதவீதம், ஏறத்தாழ 12 நார்மல். 12 மடங்கு நீர்க்க வேண்டும் என்றால் கணக்குக்கு 8.3 மி.லி. வரும். திறந்து திறந்து மூடிய பாட்டிலில் வாயு கொஞ்சம் போயிருக்கும் என்பதால் 8.5 எடுப்பேன். பீக்கரில் 80 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அதில் அமிலத்தை மெதுவாக விட்டு, ஆறியதும் அளவு ஜாடியில் 100க்குக் கொண்டுவருவேன். பாட்டிலைத் திறக்கும்போது வெள்ளைப் புகை வரும், அதனால் புகைப்பெட்டியிலோ ஜன்னல் பக்கமோ வைத்துத் திறக்க வேண்டும். இதில் 10 மி.லி. எடுத்து மறுபடி 100 ஆக்கினால் சாஹ்லிக்கு வேண்டிய 0.1 நார்மல் கிடைத்துவிடும்.

காஸ்டிக் சோடாவுக்கும் இதே வழக்கம்தான். தண்ணீரில் வில்லைகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், வில்லைகளின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். 100 மி.லி.க்கு 4 கிராம் போட்டால் 1 நார்மல். பீக்கர் கை வைக்க முடியாத அளவு சுடும், ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதில் வைத்துக் கலக்குங்கள். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் இதை வைத்தால் மூடி ஒட்டிப்போய்விடும். அதைத் திறக்கிறேன் என்று தட்டித் தட்டி பாட்டிலையே உடைத்தவர்கள் உண்டு. பிளாஸ்டிக் பாட்டில் போதும்.

சரி, உடம்பில் பட்டுவிட்டது. என்ன செய்வது?

தண்ணீர். வேறு எதுவும் இல்லை. குழாயை முழுக்கத் திறந்து, ஓடுகிற தண்ணீரில், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பையன்கள் 2 நிமிடத்தில் "சரியாப் போச்சுக்கா" என்று கையை எடுத்துவிடுவார்கள். நனைந்த துணி, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டே கழற்ற வேண்டும். அந்த இடத்தில் வெட்கம் பார்க்கக் கூடாது. நான் மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவேன்.

இங்கேதான் அரைகுறைப் பாடம் ஆபத்தாகிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறார்கள். ஏழெட்டு வருடம் முன்பு பையூரெட் சோதனை நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையனுக்குக் கண்ணில் காஸ்டிக் சோடா தெறித்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவன் சிநேகிதன், நல்ல மார்க் எடுக்கிற பையன், ஓடிப்போய் நீர்த்த ஆசிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருகிறான், "நியூட்ரலைஸ் பண்ணலாம்" என்று! அதைத் தட்டிவிட்டு, அடிபட்டவனின் பின்னங்கழுத்தைப் பிடித்து ஜன்னலோரக் குழாய்க்கு இழுத்துப் போனேன். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளை என் விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தண்ணீர் ஓடுகிற மாதிரி விட்டேன். கத்தினான், உதைத்தான், விடவில்லை. ஒருத்தி 108க்குப் போன் போட்டாள். கண் தப்பியது. மறுவாரமே ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வந்து நின்றான்.

அந்தச் சிநேகிதன் செய்ய நினைத்தது ஏன் தப்பு? அமிலமும் காரமும் ஒன்றையொன்று அணைக்கும்போது சூடு வெளிவருகிறது, அதுவும் புண்ணான தோலின் மேலேயே. எவ்வளவு பட்டது என்று தெரியாததால் எவ்வளவு ஊற்றுவது என்றும் தெரியாது. கூடிப்போனால் இரண்டாவது காயம். பாட்டிலைத் தேடி ஓடுகிற நேரத்தில் முதலாவது காயம் ஆழமாகிவிடும். தண்ணீருக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆசிட்டுக்குப் பயப்படுகிறவர்கள் காரத்தைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். கண்ணுக்குக் காரம்தான் பெரிய எதிரி. அமிலம் புரதத்தை உறையவைத்து, தன் பாதையைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். காஸ்டிக் பட்ட விரல் வழுவழு என்று இருக்கிறதே, அது உங்கள் தோலின் கொழுப்பு சோப்பாகிற வழுவழுப்பு. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புப் பாக்கெட்டை நசுக்கி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியிலேயே திரும்ப எரித்துக்கொண்டு வரும். வாயைக் கொப்பளிக்கச் செய்து நேராக ஆஸ்பத்திரி.

அப்படியானால் நடுநிலையாக்கல் எதற்கு? மேசைக்கு. தரைக்கு. மிச்சக் கரைசலுக்கு.

மேசையில் ஆசிட் கொட்டினால் முதலில் சத்தமாகச் சொல்லுங்கள். மறைக்க நினைத்துக் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் வைத்த பெண் பிள்ளையை எனக்குத் தெரியும். அலமாரிக்குக் கீழே இரண்டு டப்பாவில் ஆப்ப சோடா வைத்திருக்கிறேன், சமையலுக்குப் போடுகிற அதே சோடியம் பைகார்பனேட்தான், மளிகைக் கடையில் வாங்கியது. கொட்டியதைச் சுற்றிக் கோலப்பொடி இழுப்பது போல ஒரு வளையம், பிறகு வெளியிலிருந்து உள்ளே தூவிக்கொண்டே போங்கள். நுரைக்கும். நுரை நின்ற பிறகு இன்னொரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். மறுபடி நுரைத்தால் வேலை முடியவில்லை. அடங்கியதும் பிஎச் தாள் வைத்துப் பாருங்கள் (பிஎச் 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). 6க்கும் 8க்கும் நடுவே வந்தால், கையுறையோடு ஈரத்துணியால் வழித்து எடுக்கலாம்.

எவ்வளவு சோடா? கெட்டி ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. கொட்டியிருந்தால் கணக்குப்படி 10 கிராம். நான் இரண்டு மடங்கு போடுவேன். அந்த 10 மி.லி.யிலிருந்து கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 3 லிட்டர். ஆகவேதான் சோடா போட்ட கழிவை எந்தப் பாட்டிலிலும் உடனே இறுக்கி மூடக் கூடாது, வெடிக்கும்.

கூடுதலாகப் போட்டாலும் பயமில்லை என்பதுதான் ஆப்ப சோடாவின் நல்ல குணம். எவ்வளவு மிஞ்சினாலும் பிஎச் 8.3 பக்கத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் காஸ்டிக் சோடாவை ஊற்றியிருந்தால் கொஞ்சம் மிஞ்சினாலே 13க்குப் போய்விடும். சூடு வேறு. 10 நார்மல் ஆசிட் 100 மி.லி.யையும் 10 நார்மல் காஸ்டிக் 100 மி.லி.யையும் ஒன்றாக ஊற்றினால் வெப்பநிலை 65 டிகிரிக்கு மேல் ஏறும். நம் ஊர் அறை வெப்பம் 30லிருந்து ஏறினால் கொதிக்கிற வாசலில் நிற்கும். அதையே 0.1 நார்மலில் செய்தால் 1 டிகிரிகூட ஏறாது. காரம் கொட்டினால் வினிகரோ சிட்ரிக் அமிலத் தூளோ போதும். கெட்டிக்குக் கெட்டி என்று போகாதீர்கள்.

இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு செய்முறை. முதலில் நிறங்காட்டி. மஞ்சள் தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கலக்கி வடிதாளை முக்கி நிழலில் காயவையுங்கள். காரம் பட்டால் செந்நிறமாகும். இதில் புதிது ஒன்றுமில்லை, ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிறோமே, அந்தச் சிவப்புதான். சாம்பார் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டால் சிவப்பதும் இதுவே. ஆனால் அமிலத்தில் மஞ்சள் தாள் மஞ்சளாகவே நிற்கும், அதை வைத்து அமிலம் கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் செம்பருத்தி. ஐந்தாறு பூவின் இதழை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் அமிலத்தில் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை.

அப்புறம் கூம்புக்குடுவையில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி., பினாப்தலீன் இரண்டு சொட்டு (அமிலத்தில் நிறமில்லாமல், காரத்தில் ரோஸாகும் நிறங்காட்டி), அடியில் ஒரு வெள்ளைத் தாள். பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. நிரப்பிய புனலை எடுத்துவிடுங்கள், அதில் தொங்குகிற சொட்டு நடுவில் விழுந்து ரீடிங்கைக் கெடுக்கும். முதல் 9 மி.லி. வேகமாக விடலாம், குடுவையைச் சுழற்றிக்கொண்டே. பிறகு சொட்டுச் சொட்டாக. இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறவர்கள் மாட்டுவார்கள். 9.9 மி.லி. விட்டபோது பிஎச் 3.3 பக்கம் இருக்கும். 10.1 ஆனதும் 10.7. நடுவே இருப்பது நாலே சொட்டு. ஒரு சொட்டில் வெளிர் ரோஸ் வந்து அரை நிமிடம் நின்றால் முடிந்தது. ரோஸ் மில்க் நிறம் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், மறுபடி முதலிலிருந்து. அப்படியே வைத்துவிட்டால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து ரோஸ் மெதுவாக மறையும், அதைப் பார்த்துவிட்டு மேலும் சொட்டு விடாதீர்கள்.

ரெக்கார்டில் 10.0, 10.0, 10.0 என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். காஸ்டிக் வில்லை எடைபோடும் நேரத்திலேயே காற்றின் ஈரத்தை இழுத்துவிடும், அதனால் நான் கலக்குகிற கரைசல் எப்போதும் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். ஒழுங்காகச் செய்தவர்களுக்கு 10.3, 10.4 என்று வரும்.

நேரமிருந்தால் ஆசிட்டுக்குப் பதில் வினிகர் 10 மி.லி. வைத்துச் செய்து பாருங்கள். அதன் பிஎச் 2.5 பக்கம், 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 1. வினிகர் சாதுதானே, சீக்கிரம் முடியும் என்று தோன்றும். பியூரெட் 50 மி.லி.யும் காலியாகும், ரோஸ் வராது. 4 சதவீத வினிகரில் அமிலம் ஆறேழு மடங்கு அதிகம், பெரும்பகுதி அயனிகளாகப் பிரியாமல் கிடப்பதால் பிஎச்சில் தெரிவதில்லை, அவ்வளவுதான். எவ்வளவு உக்கிரம் என்பது வேறு, எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. கொட்டியதற்கு சோடா போடும்போது இரண்டாவது கணக்குதான் வேண்டும். உங்கள் முன்சிறுகுடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரைப்பையிலிருந்து பிஎச் 2 அளவில் வருகிற கூழைக் கணையம் சுரக்கும் பைகார்பனேட் அணைக்கிறது. அதற்கு ஆணையிடும் செக்ரெட்டின்தான் 1902இல் பேய்லிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்த முதல் ஹார்மோன். உடம்பும் காஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆப்ப சோடாவைத்தான் வைத்திருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் மிச்சத்தை எல்லாம் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டு ஓடாதீர்கள். என் மேசைக்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் வாளி இருக்கும். முதல் வாளிக்கு நீர்த்த ஆசிட், அதில் நான் சோடா போட்டுப் பிஎச் பார்த்துவிட்டு நிறையத் தண்ணீரோடு விடுவேன். இரண்டாவதற்கு பெனடிக்ட், பையூரெட் மிச்சம், அதில் தாமிரம் இருப்பதால் சாக்கடைக்குப் போகக் கூடாது. மூன்றாவது, விலங்கு மாதிரிகளைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின், அதற்கு மூடி உண்டு. ஆசிட் ஊற்றிய தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒருமுறை துப்புரவுக்கு வந்த புது ஆள் தெரியாமல் தேய்த்துவிட்டார். குளோரின் கிளம்பி, அவர் இருமிய இருமலில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்றோம். அன்றைக்கே தொட்டிக்கு மேலே, கொட்டை எழுத்தில், "இங்கே பிளீச்சிங் பவுடர் கூடாது" என்று எழுதி ஒட்டினேன். மூன்று தடவை கிழிந்துவிட்டது, மூன்று தடவையும் புதிதாக ஒட்டியிருக்கிறேன்.